திங்கட்கிழமை மஞ்சள்

அந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்குப் பெயர் தீனியக்கா. பதினெட்டு வருடமாகப் புற்றுநோய்ச் செல்களுக்குத் தீனி போட்டு வளர்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சம்பளச் சீட்டில் 'ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர், முதல் நிலை' என்று நீளமாக ஏதோ இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். உள்ளங்கை அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் லட்சக்கணக்கான தைராய்டு புற்றுநோய்ச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரு விரல் உயரத்துக்கு இளஞ்சிவப்புக் கரைசல். அதில் சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் உண்டு. செல்கள் அதைச் சாப்பிட்டுக் கழிவையும் அதிலேயே விடும். கழிவு சேரச் சேரக் கரைசல் புளித்துப்போகும். புளித்தால் நிறம் ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் உள்ளே பசி என்று அர்த்தம். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்; கண்ணும் கையும் மனசும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். அந்த மாடியில் அது எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்டால் தீனியக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள்.

அந்தத் தைராய்டு செல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல நாளில் அதற்கு ஒரு தனித் திறமை உண்டு. ரத்தத்தோடு போகிற அயோடினை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதற்கென்று செல்லின் சுவரில் ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பைச் செய்யச் சொல்லும் மரபணு ஒன்றும் இருக்கிறது. புற்றுநோய் வந்த பிறகும் பல செல்கள் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. அதனால் கதிர்வீச்சு அயோடினைக் கொடுத்தால் தாமாகவே அதை உள்ளே இழுத்துக்கொண்டு சாகும். ஆனால் சில செல்கள் தாங்கள் யார் என்பதையே மறந்துவிடும். மரபணு அணைந்துபோகும், பம்ப் காணாமல் போகும். சர்க்கரையை மட்டும் அள்ளி அள்ளித் தின்று பெருகும். அயோடின் பக்கத்திலேயே போனாலும் திரும்பிப் பார்க்காது.

அப்படி மறந்துபோன செல்கள் தீனியக்காவின் குடுவைகளில் மட்டும் இல்லை. கழுத்திலிருந்து பரவி அவள் தம்பியின் நுரையீரலிலும் இருந்தன.

தம்பி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். "பயணிகள் கவனத்திற்கு" என்று அவன் ஆரம்பித்தால் நடைமேடையில் அழுகிற குழந்தைகூட ஒரு நிமிஷம் நிறுத்தும். தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் அந்தக் குரல் தகரத்தை இழுப்பதுபோல ஆகிவிட்டது. இப்போது தொலைந்த பொருள்கள் அறையில் குடைகளுக்கும் பைகளுக்கும் சீட்டு ஒட்டுகிறான். அயோடின் இரண்டு முறை கொடுத்தார்கள். நுரையீரலில் இருந்த புள்ளிகள் அதைத் தொடவே இல்லை. பிறகு தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. அது நோயைக் குணமாக்காது, கட்டிப்போட்டு மட்டும் வைக்கும். பதினான்கு மாதமாகப் புள்ளிகள் வளரவில்லை. கைபேசியில் ஆறு மணிக்கு அலாரம் வைத்து, ஒரு நாள் தவறாமல் விழுங்குகிறான்.

செல்கள் சர்க்கரையைத் தின்கின்றன என்று அக்கா ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், வீட்டில் சர்க்கரை டப்பா காணாமல் போனது, தம்பி பத்து நாளில் மூன்று கிலோ இளைத்தான். அவள் போய்க் கத்தினாள்.

"குடுவைல நடக்கிறது வேற, உடம்புல நடக்கிறது வேறடா! என் குடுவையப் பாத்து நீ பட்டினி கிடப்பியா? அறிவு இருக்கா உனக்கு?"

"நீதானே சொன்னே?"

"நான் சொன்னா உடனே செஞ்சிடுவியா? காலம்பூரா நான் சொன்ன எதையாவது நீ கேட்டிருக்கியா?"

அன்று மாலை அவனை உட்காரவைத்து இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காப்பியைக் குடிக்கவைத்த பிறகுதான் அவள் கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் மருத்துவமனையில் கொடுத்த ஒரு மடிப்பிதழோடு அவள் வீட்டுக்கு வந்தான். முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"அக்கா, இது உங்க லாபு மருந்துதானே? நாப்பத்தொண்ணு?"

அதுதான். செல்லுக்கு மறந்ததை ஞாபகப்படுத்தும் மருந்து என்று அவர்கள் ஆய்வகம் கண்டுபிடித்தது. எண் மட்டும் உண்டு, பெயர் இன்னும் வைக்கவில்லை. அதை முதல் முறையாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். எட்டுப் பேர். ஐந்து வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து. கையெழுத்துப் போட்ட அன்றே பழைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். ஆறு வாரம் நாற்பத்தொன்று, அதன் பிறகு மறுபடி அயோடின்.

மடிப்பிதழில் ஒரு படம் இருந்தது. இரண்டு தூண்கள். மருந்து போட்ட செல்கள் இழுத்த அயோடின், உயரமான நீலத் தூண். மருந்து போடாத செல்கள் இழுத்தது, அதில் கால்வாசி உயரத்தில் குட்டையான சாம்பல் தூண். பம்பின் மரபணுவும் அதே கணக்கில் நாலு மடங்கு எரிகிறது என்று கீழே எழுதியிருந்தது.

"நீ வளத்த செல்லு," என்றான் தம்பி. "என் அக்கா கையால வந்ததுன்னு வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: எல்லா அளவீடுகளும் ஏழாம் நாள் காலையில் எடுக்கப்பட்டவை. ஏழாம் நாள் என்றால் திங்கட்கிழமை. அந்த ஆய்வகத்தில் எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலையில்தான் அளப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தக் குட்டைத் தூணின் குடுவைகள் எப்படி இருக்கும் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மஞ்சளாக இருக்கும்.



மறுநாள் முதல் வேலையாகத் தீனி நோட்டை எடுத்தாள். அளவீடுகள் எல்லாம் கணினியில் போய்விடும். எந்தக் குடுவைக்கு யார், எப்போது தீனி மாற்றினார்கள் என்பது மட்டும் அவளுடைய தடித்த அட்டை நோட்டில். அதை யாரும் புரட்டியதில்லை. நாற்பத்தொன்று ஒரு நாளில் வீரியம் போய்விடும் மருந்து, தினமும் புதிதாகப் போட வேண்டும். அதனால் ஆராய்ச்சி செய்த பையன், நடந்தாலே கதவு படபடக்கும் என்பதால் அவனுக்குப் பெயர் புயல், சனி ஞாயிறும் வந்தான். வந்து, மருந்துக் குடுவைகளில் பழைய கரைசலை முழுக்க எடுத்துவிட்டு, மருந்து கலந்த புதுக் கரைசலை ஊற்றினான். அவள் நச்சரித்ததால் நோட்டில் கிறுக்கலாகக் கையெழுத்தும் போட்டிருந்தான். மருந்து இல்லாத குடுவைகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்த 'கண்ட்ரோல்', தீனியக்காவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஊற்றுவாள். அப்புறம் திங்கட்கிழமை ஒன்பது மணி. நடுவில் சனி, ஞாயிறு கட்டங்கள் காலி. பரிசோதனை நடந்த பதினோரு வாரமும் காலி.

அப்படியென்றால் என்ன ஒப்பீடு இது? ஒரு பக்கம் தினமும் புதுச் சாப்பாடு. இன்னொரு பக்கம் மூன்று நாள் தன் கழிவிலேயே முங்கிக் கிடப்பது. பசியிலும் புளிப்பிலும் கிடக்கிற செல் எந்த மரபணுவை எரியவிடும்? உயிரோடு இருந்தால் போதும் என்று மற்றதையெல்லாம் அணைத்துவிடாதா? நீலத் தூண் உயர்ந்ததா, சாம்பல் தூண் விழுந்ததா?

புயல் இந்த முடிவை வைத்து எழுதிய கட்டுரையின் பலத்தில் வேறு இடத்தில் நல்ல வேலைக்குப் போய்விட்டான். போன் போட்டாள்.

"அப்பவே தலைவர்கிட்ட கேட்டேன்க்கா," என்றான் அவன். "கண்ட்ரோலுக்கும் தினம் மாத்தணுமா சார்னு. அதெல்லாம் தீனியக்கா பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டார்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே?"

"சொல்லியிருப்பார்னு நான் நெனச்சேன்."

அவன் நினைத்தான். அவர் நினைத்தார். அவளும்தான் பதினோரு திங்கட்கிழமை மஞ்சளைப் பார்த்து, ஐயோ பசியில் கிடந்திருக்கிறதே என்று ஊற்றிவிட்டுப் போனாளே தவிர, பக்கத்து வரிசை மட்டும் ஏன் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கோபம் வந்தது அவளுக்கு. முதலில் தன் மேலேயே.

மூன்று சனி, மூன்று ஞாயிறு பேருந்து பிடித்து வந்தாள். இந்த முறை மூன்று வரிசை. முதல் வரிசைக்கு மருந்தும் புதுத் தீனியும். இரண்டாவதற்கு மருந்து கிடையாது, தீனி மட்டும் அதே நேரத்தில் அதே அளவு. மூன்றாவதற்குத் தினமும் மருந்தைச் சொட்டிவிட்டாள், கரைசலை மட்டும் மாற்றவில்லை. திங்கட்கிழமைகளில் அயோடினைக் கொடுத்துக் கதிர் எண்ணும் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டியைத் தொடும் உரிமம் அந்த மாடியில் இரண்டு பேருக்குத்தான், ஒருத்தி அவள். முதல் இரண்டு வரிசையும் ஒரே உயரம். மருந்து போட்டும் பட்டினி கிடந்த மூன்றாவது வரிசை குட்டை. மூன்று வாரமும் அதே கதை.

துறைத் தலைவருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மேடையார். மனுஷரை ஆய்வகத்தில் பார்த்ததைவிட மேடையில் பார்த்ததுதான் அதிகம். அவள் கொண்டுபோன நோட்டையும் எண்கள் எழுதிய தாளையும் அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"இத யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"அனுமதி இல்லாம செஞ்சது பரிசோதனையே கிடையாதும்மா. குடுவையெல்லாம் கழுவி வச்சிடுங்க."

"சார், அடுத்த வெள்ளிக்கிழமை எட்டுப் பேரு மாத்திரைய நிறுத்தப் போறாங்க. நிறுத்திட்டா புள்ளி வளரும். இந்த மருந்து வேலை செய்யுதான்னே நமக்குத் தெரியாது."

"நமக்கா?" அவர் சிரித்தார். "நீங்க தீனி போடுறதோட நிறுத்திக்குங்க. கண்ட்ரோலுக்குத் தீனி போட வேண்டியது யாரு? நீங்க. போடலைன்னா அது யாரு தப்பு? யோசிச்சுப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா உங்க பேருதான் கெடும்."

"ஆமா சார், பாதித் தப்பு என்னுது," என்றாள். "அதனாலதான் வந்தேன். மீதிப் பாதிக்கு யாரும் வரலையே?"

அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். பயமில்லை, கோபம். தம்பி குடுவையைப் பார்த்துச் சர்க்கரையை நிறுத்தினால் அது முட்டாள்தனம், இவர் குடுவையைப் பார்த்து எட்டுப் பேர் மாத்திரையை நிறுத்தினால் அது ஆராய்ச்சி! அதுவும் பட்டினி போட்ட குடுவையைப் பார்த்து!

அன்றைக்கே தம்பியிடம் போய், கையெழுத்துப் போடாதே என்றாள். காரணத்தையும் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தாள். அதற்காகவும் அவள் மேடையாரை மன்னிக்கவில்லை. அவன் மடிப்பிதழை மடித்து வைத்துவிட்டுத் தகரக் குரலில் கேட்டான்:

"எனக்கு ஒரு அக்கா இருக்கா. மத்த ஏழு பேருக்கு?"

"நான் என்னடா செய்யட்டும்? அவர்கிட்ட சொல்லியாச்சு."

"அவர்கிட்ட சொன்னே. எங்ககிட்ட சொல்லு. என் தொண்டை சரியா இருந்தா நானே சொல்லிடுவேன்."

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மருத்துவமனையின் சிறிய கூட்ட அறை. எட்டு நோயாளிகள், எல்லோர் கழுத்திலும் அதே அறுவைக் கோடு. கூட வந்த வீட்டு ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படிவம், ஒரு புதுப் பேனா. மீதமிருக்கும் பழைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் தம்பியினுடைய அதே ஆறு மணி மாத்திரைதான், எல்லோர் பையிலும் இருந்தது. தம்பியின் பக்கத்தில் தீனியக்கா உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் தொழில்நுட்பப் பணியாளர் இல்லை, ஒருவனுடைய அக்கா. மடியில் அட்டை நோட்டு.

மேடையார் திரையில் இரண்டு தூண்களையும் ஏற்றி அரை மணி நேரம் அழகாகப் பேசினார். செல் தன்னை மறப்பது பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எட்டுப் பேருக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா எழுந்து, "யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா தயங்காம கேளுங்க," என்றார்.

தீனியக்கா எழுந்தாள்.

"அந்தக் குட்டைத் தூண் குடுவைக்கு, சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் யாரு சார் தீனி போட்டா?"

மேடையார் அவளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு விநாடி ஆனது.

"இவங்க எங்க லாபுல குடுவை பாத்துக்கிறவங்க," என்று அவர் அறையைப் பார்த்துச் சிரித்தார். "நிர்வாக விஷயம். அப்புறம் பேசிக்கலாம்மா."

"அப்புறம்னா எப்ப சார்? இவங்க மாத்திரைய நிறுத்துன அப்புறமா?" அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "யாரும் போடல டாக்டர். நான்தான் போடணும், நானும் போடல. மருந்து போட்ட குடுவைக்குத் தினம் புதுச் சாப்பாடு. போடாத குடுவை மூணு நாள் பட்டினி. அதையும் இதையும் பக்கத்துல வச்சு மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு சொல்றாங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரி தீனி போட்டு நான் மூணு வாரம் பாத்தேன். ரெண்டு தூணும் ஒரே உயரம். எல்லாம் இதுல இருக்கு."

டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து நோட்டை வாங்கினார். நின்றபடியே புரட்டினார். காலிக் கட்டங்களில் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனார். பின்னால் ஒட்டியிருந்த எண்களைப் படித்தார், மறுபடி படித்தார்.

"மூணு வாரமும் இப்படித்தானா?"

"மூணு வாரமும்."

"சார், இது உங்களுக்குத் தெரியுமா?"

"போன வாரம் ஏதோ கொண்டு வந்தாங்க," என்றார் மேடையார். "முறையான அனுமதி இல்லாம செஞ்ச..."

"போன வாரமா?" டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை. "போன வாரமே தெரியும். என்கிட்ட சொல்லல. இவங்கள இங்க உக்கார வச்சுப் பேனாவையும் குடுத்தீங்க."

மேடையார் பதிலுக்குத் தண்ணீர் குடித்தார். டாக்டரம்மா தானே வரிசை வரிசையாகப் போய் எட்டுப் படிவங்களையும் திரும்ப வாங்கினார். இருவர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றை அவர்கள் கண் முன்னாலேயே கிழித்தார்.

"இந்த மருந்து உதவாதுன்னு நான் சொல்லல," என்றார். "உதவுமான்னு இன்னும் யாருக்குமே தெரியாது. தெரியறவரைக்கும் பழைய மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. ஒப்படைக்க வேண்டாம்."

அறையில் சத்தம் எழுந்தது. அழுகையும் கோபமும் கலந்த சத்தம். கண்ணைத் துடைத்த அம்மா தீனியக்காவைப் பார்த்து, "இருந்த ஒரு நம்பிக்கையையும் கெடுத்திட்டியேம்மா," என்றாள். தீனியக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடையார் வெளியே போகிற வழியில் அவள் பக்கத்தில் நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "திங்கட்கிழமை நீங்க லாபுக்கு வர வேண்டாம்," என்றார்.

"திங்கட்கிழமை கிடக்கட்டும் சார்," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு யாரு தீனி போடுவா? அந்தச் செல்லாவது பசி வந்தாதான் சார் தான் யாருன்னு மறக்குது. உங்களுக்கு என்ன பசி?"

அவர் நிற்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

அப்போது தம்பியின் கைபேசியில் ஆறு மணி அலாரம் அடித்தது. இன்றோடு நின்றுபோயிருக்க வேண்டிய அலாரம் அது. அறை மொத்தமும் அவனைப் பார்த்தது. அவன் மெதுவாக எழுந்தான். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். மற்ற கையை வாயருகே மைக்போல வைத்துக்கொண்டு, கீறல் விழுந்த அந்தக் குரலை இருந்த பலமெல்லாம் கூட்டி வெளியே இழுத்தான்.

"பயணிகள் கவனத்திற்கு. ஆறு மணி மாத்திரை ரத்து செய்யப்படவில்லை."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அந்த அம்மாவின் மகன் தன் பைக்குள் கைவிட்டான். இன்னொருவர் சட்டைப் பையில் துழாவினார். எட்டு அட்டைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தீனியக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தம்பியிடம் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டினான்.